வாசிக்க ஏலும், வெளங்கல்ல: அரபுத் தமிழும் எங்கள் பிள்ளைகளின் வாசிப்பும்

கொட்டாஞ்சேனைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றில் நான் படிப்பிக்கிறேன். சென்ற வருடம் தரம் 4 வகுப்பில் ஒரு மகளிடம் சுற்றாடல் பாடத்தில் நீர் பற்றிய பந்தி ஒன்றை வாசிக்கச் சொன்னேன். தடக்கம் இல்லை, திக்கல் இல்லை, குரலில் நல்ல தெளிவு. மற்றப் பிள்ளைகள் அவளைப் பெருமையோடு பார்த்தார்கள். வாசித்து முடிந்ததும், "இப்ப வாசிச்சதில எனத்த மகள் செல்லியிருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வாசிக்க ஏலும் டீச்சர். வெளங்கல்ல."

அன்று பின்னேரம் காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. அவள் சோம்பேறியல்ல, மந்தமானவளுமல்ல. எழுத்தைக் குரலாக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தாள். குரலைக் கருத்தாக்கும் வேலை மட்டும் நடக்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் பயிற்சியில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் சமூகத்தின் கல்வி வரலாற்றிலேயே இந்த இரண்டும் சேர்ந்திருந்த ஒரு காலமும் பிரிந்துபோன ஒரு காலமும் உண்டு என்பதை அந்தப் பிள்ளைதான் எனக்கு யோசிக்கவைத்தாள். அதை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஓதப்பள்ளியின் கற்பித்தல் முறை

கற்பித்தல் கோட்பாடுகள் என்றதும் எங்களுக்கு ரூசோ, பெஸ்டலோசி, புரோபல், பியாஜே, வைகோட்ஸ்கி என்ற பெயர்கள்தாம் வரிசையாக வரும். பரீட்சைக்கு அப்படித்தான் படித்தோம். ஆனால் இந்தப் பெயர்களைக் கேள்விப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பித்தல் முறையின் அனுபவம் இருந்தது. அது ஓதப்பள்ளி.

பாயில் உட்கார்ந்து, உடம்பை மெல்ல ஆட்டி, "அலிஃபுக்கு ஸபர் அ, அலிஃபுக்கு ஸேர் இ, அலிஃபுக்கு பேஷ் உ" என்று எழுத்துக்கூட்டிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். முந்திய தலைமுறையினருக்குக் கொப்பி கிடையாது. மரப்பலகையில் மையால் எழுதி, ஓதிப் பாடமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதுவார்கள். இந்த முறையைச் சிலர் வெறும் மனனம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஓர் எழுத்து, அதன் ஒலி, அதன்மேல் வரும் குறி, இரண்டும் சேரும்போது பிறக்கும் அசை என்று படிப்படியாக ஏறுகிற முறை அது. இன்று வாசிப்பு ஆய்வாளர்கள் எழுத்தொலி முறை என்று வலியுறுத்துவதும் ஏறத்தாழ இதைத்தான். ஆறு ஏழு வயதுப் பிள்ளை, தன் வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியின் எழுத்தைச் சரியாக உச்சரிக்கப் பழகுவதென்றால் அது சின்ன விஷயமா?

ஓதப்பள்ளியின் நோக்கம் அதுதான்: பிழையில்லாமல் ஓதுதல். ஓதுவதே இபாதத். அர்த்தம் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு என்ற நம்பிக்கையோடுதான் பெற்றோர் அனுப்பினார்கள். அந்த நோக்கத்தில் எனக்கு முறைப்பாடு இல்லை. அந்தப் பழக்கத்தைப் பிள்ளை பாடசாலைப் புத்தகத்துக்கும் கொண்டுவந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே ஓதல் போதாது, விளங்க வேண்டும்.

1986 இல் பிலிப் கௌ, வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி மிக எளிய ஒரு கருத்தை முன்வைத்தார்கள். விளங்கி வாசித்தல் என்பது இரண்டு திறன்களின் பெருக்கம்: ஒன்று எழுத்தை ஒலியாக்கும் திறன், மற்றது அந்த மொழியைக் காதால் கேட்டு விளங்கும் திறன். கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். ஒன்று எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மற்றது பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். என் வகுப்பு மகளின் கதை இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறது.

செவில்லிலும் தூனிஸிலும் நடந்த விவாதம்

இது மேற்கிலிருந்து இறக்குமதியான கவலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசிரியர் மாணவனின் விளக்கத்தின் அளவறிந்தே பாடம் சொல்ல வேண்டும் என்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (1058–1111) இஹ்யாவில் சேர்த்திருக்கிறார். அவருக்குச் சற்றுப் பின் வாழ்ந்த செவில் நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (1076–1148) இன்னும் ஒரு படி மேலே போனார். (சூபி ஞானி இப்னு அரபி வேறு, இவர் வேறு.) பிள்ளைக்கு முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கும் கற்பித்து, அதன் பின்னரே குர்ஆனுக்குக் கொண்டுபோக வேண்டும், விளங்காத ஒன்றை முதலில் ஓதவைப்பது முறையல்ல என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தை எங்களுக்குத் தெரியத் தந்தவர் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406). 1377 இல் எழுதிய முகத்திமாவில், மக்ரிபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மட்டும் கற்பிக்கிறார்கள், அந்தலூஸில் கவிதை, இலக்கணம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள் என்று நாடு நாடாக ஒப்பிட்டுக் காட்டுகிறார். இன்று நாங்கள் ஒப்பீட்டுக் கல்வி என்று சொல்லும் ஆய்வு அது. இப்னுல் அரபியின் யோசனை நல்லதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஊர்வழக்கம் அதற்கு இடம்கொடாது என்றும் சொல்கிறார். காரணத்தையும் தருகிறார்: பிள்ளை பெற்றோர் சொல்லுக்கு அடங்கியிருக்கும் வயதில் குர்ஆனைக் கொடுக்காவிட்டால், பின்னால் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டால் அது கிடைக்காமலே போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் இன்று எங்கள் தாய்மாருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான்.

அதே நூலில் அவர் சொல்லும் இன்னும் இரண்டு விஷயங்கள் ஆசிரியர் அறையில் பேசத்தக்கவை. பாடத்தைச் சிறிது சிறிதாக, ஒரே விஷயத்துக்கு மூன்று தடவை திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் ஆழமாக்கிக் கற்பிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கடினமானதைக் கொடுத்தால் மனம் களைத்துப் பாடத்தையே வெறுத்துவிடும். கடுமை காட்டி வளர்த்தால் பிள்ளை பொய்க்கும் சோம்பலுக்கும் பழகிவிடும். எங்கள் பாடவிதானங்களில் இன்று சுழல்முறை என்று பேசப்படுவதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

அரபுத் தமிழ் என்ற பாலம்

செவில்லிலும் தூனிஸிலும் பிள்ளையின் வீட்டு மொழி அரபு. எங்கள் நிலைமை வேறு. ஓதப்பள்ளியில் அரபு, வீட்டில் தமிழ். இந்த இடைவெளியைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த எங்கள் முன்னோர் ஒரு புத்திசாலித்தனமான வழியில் கடந்தார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்திலேயே அதன் வீட்டு மொழியை எழுதினார்கள். அதுதான் அரபுத் தமிழ், அர்வி என்றும் சொல்வோம். அரபில் இல்லாத ப, ட, ண, ழ, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கொழும்பு மலாய் சமூகமும் இதையே செய்தது. பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் கொழும்பில் வெளியிட்ட அலாமத் லங்காபுரி அரபு எழுத்தில் அமைந்த மலாய்ப் பத்திரிகை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது கற்பித்தலின் பழைய விதி. அரபுத் தமிழ் அந்த விதியின் நேரடிச் செயல்முறை. ஓதப்பள்ளியில் பிழைப்பட்டும் திருத்தப்பட்டும் பெற்ற எழுத்தறிவு வீணாகாமல் அப்படியே கருத்தின் பக்கம் திரும்பியது. முதல் திறனை ஓதப்பள்ளி கொடுத்தது, இரண்டாம் திறனை வீடு கொடுத்தது. பெருக்கல் கணக்கு நிறைவேறியது.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்கும் வந்துபோனவர். மார்க்கச் சட்டங்களை விளக்கும் அவருடைய ஃபத்ஹுத் தய்யான் அரபுத் தமிழில்தான் எழுதப்பட்டது. தமிழ் எழுத்து அறியாத பெண்கள் அதைப் போன்ற கிதாபுகளை வீட்டிலிருந்தே வாசித்தார்கள். அந்தத் தமிழ் பண்டிதத் தமிழல்ல. அரபுச் சொற்கள் கலந்த, பேச்சுக்குக் கிட்டிய தமிழ்.

என் உம்மும்மா அப்படிப்பட்ட ஒருவர். பாடசாலைப் பக்கம் போகாதவர். தமிழ் எழுத்தும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அரசாங்கப் பத்திரங்களில் பெருவிரல் அடையாளம்தான். ஆகவே கணக்கெடுக்க வந்தவர்களுக்கும், எங்களுக்கும்கூட, அவர் 'படிக்காதவர்'. ஆனால் ரமழான் இரவுகளில் சாச்சிமாரும் அயல் வீட்டுப் பெண்களும் சுற்றியிருக்க, பழுத்துப்போன கிதாபு ஒன்றை வாசித்து நிறுத்தி, "வெளங்கினதா? இல்லாட்டி இன்னொருக்கா செல்றன்" என்று கேட்பார். கடைக்கணக்கையும் அரபு எழுத்தில் எழுதிவைப்பார். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு அந்தக் கிதாபில் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் ஓதத் தெரிந்த எழுத்துத்தான். சேர்த்து அர்த்தம் எடுக்கப் பழகியிருக்கவில்லை. எங்கள் இருவரில் யார் படிக்காதவர் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

புதுச் சோனகத் தெருவிலிருந்து மருதானைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஓதப்பள்ளிக் கல்வி மட்டும் போதாது என்ற உண்மை கண்முன் வந்து நின்றது. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கே உத்தியோகம். ஆங்கிலப் பாடசாலைகளோ பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில். பிள்ளையின் ஈமானுக்குப் பயந்து பெற்றோர் அனுப்பவில்லை.

கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை (1838–1898) இந்த முட்டுக்கட்டையை உடைக்க வந்தார். 1882 இல் முஸ்லிம் நேசன் என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியைப் பற்றி ஓயாமல் எழுதினார். 1885 இல் வெளிவந்த அவருடைய அசன்பே சரித்திரத்தைத் தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றாக நாங்கள் படிக்கிறோம். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து 1883 இல் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்ட ஒறாபி பாஷா அவருக்குப் பக்கபலமானார். 1884 இல் கொழும்பு புதுச் சோனகத் தெருவில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா தொடங்கப்பட்டது. எங்கள் பாடசாலையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம்தான் அந்தத் தெரு. ஆனால் அம்முயற்சி போதிய ஆதரவில்லாமல் நிலைக்கவில்லை.

சித்திலெப்பை தளரவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் முதலியோர் துணைநிற்க, 1892 ஆகஸ்ட் 22 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் அவர் பாடசாலை நடத்தினார்.

முதலாவது நிலைக்காமல் இரண்டாவது நிலைத்ததற்குப் பணம், ஆள்பலம் என்று பல காரணங்கள் சொல்லலாம். ஓர் ஆசிரியையாக என் கண்ணுக்குப் படுவது வேறொன்று. மக்களுக்குத் தெரிந்த இடமான பள்ளிவாசலின் வளவிலிருந்தே தெரியாத கல்வி தொடங்கியது. பிள்ளைக்குப் பொருந்தும் விதி பெற்றோருக்கும் பொருந்தியது.

சித்திலெப்பையும் மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் ஒரே வருடத்தில், 1898 இல், மறைந்தார்கள். அதற்குப் பிறகு அச்சும் பாடசாலையும் தமிழ் எழுத்தைப் பரப்ப, அரபுத் தமிழ் மெல்ல மெல்ல வீட்டு அலுமாரிக்குள் ஒதுங்கியது. அதனால் தமிழிலக்கியம் முழுவதும் எங்களுக்குத் திறந்தது என்பதை மறுக்க மாட்டேன். நானே அந்தத் திறப்பின் விளைவு. ஆனால் ஓதப்பள்ளிக்கும் வீட்டு மொழிக்கும் இடையிலிருந்த பாலம் அகன்றுவிட்டது. அந்த இடத்தில் வேறு பாலம் போடப்படவில்லை.

யார் என்பதும் எந்த மொழி என்பதும்

இதற்கிடையில் மொழி அரசியலாகியது. பேசுவது தமிழ் என்பதால் சோனகரும் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1880 களில் வாதிட்டார். 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பெழுதினார். சமூகத்தின் தனித்துவத்தைக் காக்க அந்த மறுப்பு அவசியப்பட்டது. ஆனால் அதன் பக்கவிளைவாக, தமிழ் எங்கள் தாய்மொழிதானா என்ற கேள்வி பெரியவர்களின் மேடைகளில் நின்றுவிட்டது. பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு அறிக்கை 1943 இல் வந்தது. 1945 ஒக்டோபர் 1 இலிருந்து இலவசக் கல்வி. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி. முஸ்லிம் பெற்றோருக்கு மட்டும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய இடமிருந்தது. அது ஒரு சலுகை. சலுகையோடு சேர்ந்து ஒரு தடுமாற்றமும் வந்தது; அது இன்றும் தீரவில்லை. 1948 இலிருந்து 1961 வரை ஸாஹிராவின் அதிபராக இருந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அரபுத் தமிழைப் பற்றிப் பரிவோடு எழுதியவர். மர்ஹூம் ம.மு. உவைஸ் 1953 இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலின் மூலம் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டைக் கல்வியுலகின் முன் வைத்தார். ஆனால் இவையெல்லாம் இலக்கிய வரலாறாகவே படிக்கப்பட்டன. அரபுத் தமிழைக் கற்பித்தல் முறையாகப் பார்த்து, அதிலிருந்து ஆரம்ப வகுப்புக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டவர்கள் குறைவு.

வெள்ளவத்தையில் என் வீடு

மற்றவர்களைப் பற்றி எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. என் மகன் ஆங்கில மொழிமூலம் படிக்கிறான். தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற தாயின் பிள்ளை தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். தீர்மானம் எடுத்த அன்று வாப்பாவும் நானும் நிறைய யோசித்தோம். இந்த நாட்டில் நாளைக்கு வேலை எந்த மொழியில், பாதுகாப்பு எந்த மொழியில் என்ற கேள்விகள் எங்கள் வீட்டிலும் இருந்தன. அவன் ஆங்கிலத்தில் விளங்கி வாசிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். குர்ஆனை அழகாக ஓதுகிறான். எங்களோடு பேசுவது தமிழ். ஆனால் எந்த மொழியில் அவன் உம்மாவோடு கோபப்பட்டுச் சிரிக்கிறானோ அந்த மொழியில் ஒரு பக்கம் வாசிக்க அவனால் முடியாது. உம்மும்மாவின் கிதாபு எங்கள் அலுமாரியில் இருக்கிறது. எனக்கும் அது பூட்டு, அவனுக்கும் பூட்டு.

தமிழ் மொழிமூலம் அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனை மகள் தமிழ் மொழிமூலம்தான் படிக்கிறாள். அவள் வாசித்து நின்ற அன்று, அதே பந்தியை நான் அவளுக்கு வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிக்கும் முன்பே, "ஓ டீச்சர், தண்ணி ஐஸாகுது, ஆவியாகுது, அதான!" என்றாள். ஆக, கருத்து அவளுக்கு எட்டாததல்ல. வீட்டில் 'ஈக்கிது' என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் புத்தகத்தின் 'காணப்படுகின்றது' அந்நியமாக இருந்தது. எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் உள்ள இந்தப் பிளவை 1959 இல் சார்ள்ஸ் பெர்கூசன் இரட்டை வழக்கு என்று விளக்கியபோது, எடுத்துக்காட்டிய மொழிகளில் அரபும் ஒன்று. தமிழும் அந்த இனம்தான். எங்கள் பிள்ளைக்கு இந்தப் பிளவு இரண்டு பக்கமும் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வாசிப்பில் பின்தங்கியதாகத் தெரியும் பிள்ளைக்கு மூன்று காரியம் செய்கிறேன். முதலில் பந்தியை வாசிக்கக் கேட்கிறேன். பிறகு அதே பந்தியைப் புத்தகத் தமிழில் நான் வாசித்துச் சொல்லி, விளங்கியதைக் கேட்கிறேன். கடைசியாகப் பேச்சுத் தமிழில் சொல்லிக் கேட்கிறேன். எந்த இடத்தில் பிள்ளைக்கு வழி திறக்கிறது என்று பார்த்தால், எழுத்திலா, புத்தக மொழியிலா, விஷயத்திலா தடை என்று தெரிந்துவிடும். பரிகாரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லோருக்கும் "இன்னும் பத்துத் தரம் வாசி" என்று சொல்வது எல்லா நோய்க்கும் ஒரே குளிசை கொடுப்பது போன்றது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் வாங்க வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் நிற்கும் பெற்றோரிடமும் இதையே சொல்கிறேன்: வினாத்தாள் வாங்குங்க, ஆனா வீட்டில ஒரு பக்கம் வாசிக்கவெச்சி, எனத்த வெளங்கினன்னு பிள்ளையின்ட பேச்சிலயே செல்லச் சொல்லுங்க.

ஒரு நாள் பாட முடிவில் கொஞ்சம் நேரமிருந்தது. கரும்பலகையில் அரபு எழுத்தில் 'நானா வந்தார்' என்று எழுதினேன். பிள்ளைகள் உடனே ஓதும் தொனிக்கு மாறி, எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கினார்கள். அந்த மகள்தான் முதலில் நிறுத்தினாள்.

"டீச்சர், இது தமிழ்!"

வகுப்பே சிரித்தது. தாங்கள் ஓதும் எழுத்துக்குள் தங்கள் வீட்டுப் பேச்சு இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து, உம்மா, மாமி என்று தங்கள் சொற்களை எழுதினார்கள்.

ஒரு வகுப்பில் ஒரு நாள் நடந்ததை வைத்து நான் கோட்பாடு சொல்ல வரவில்லை. அரபுத் தமிழை மீண்டும் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்கவில்லை, காலம் மாறிவிட்டது. ஆனால் அது செய்த வேலையை இன்று எது செய்கிறது என்று நாங்கள் கேட்க வேண்டும். பிள்ளையின் வீட்டுப் பேச்சிலிருந்து புத்தக மொழிக்கு, ஓதலிலிருந்து விளக்கத்துக்கு ஒரு படிக்கட்டு வேண்டும். ஓதப்பள்ளி முஅல்லிமும் பாடசாலை ஆசிரியரும் ஒரே பிள்ளையைத்தான் காலையும் மாலையும் கையில் எடுக்கிறார்கள். இருவரும் ஒரு நாளாவது ஒன்றாக உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினால் அது ஒரு தொடக்கமாகும்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வீட்டில் உம்மும்மாவின் கிதாபு இருந்தால் கறையானுக்கு விட்டுவிட வேண்டாம். அதை வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். நான் பிந்திவிட்டேன். இப்போது என் மகனும் நானும் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அந்தக் கிதாபை விரித்து, ஆளுக்கொரு வரி எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம். நான்கு மாதத்தில் ஆறு பக்கம் தாண்டியிருக்கிறோம்.